வீடு மாறி வந்த பேய்

லண்டன்
12 ஒக்ரோபர் 1996

அன்புள்ள அண்ணிக்கு,

என்னுடைய கையெழுத்தைக் கண்டதும் மடித்து வைத்துவிடாதீர்கள். இரண்டு வருடமாக நீங்கள் எனக்கு எழுதவில்லை. ரெலிபோன் எடுத்தாலும், வீட்டில் இல்லை என்று, நீங்கள் வேலை செய்கிற வீட்டுச் சின்யோராவைக் கொண்டு சொல்ல வைத்தீர்கள். அண்ணாவுக்கு நான் இங்கே பூசை வைத்ததுதான் காரணம் என்று தெரியும். அதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. ஜெனுஷாவுக்காகத்தான் எழுதுகிறேன்.

இத்துடன் ஒரு வீடியோ கசெற் அனுப்பியிருக்கிறேன். நான் இப்போது பின்நேரங்களில் ஒரு வீடியோக் கடையில் நிற்கிறேன். இங்கே ஒக்ரோபர் முப்பத்தொன்றை ஹலோவீன் என்று கொண்டாடுகிறார்கள். பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டுப் போவார்கள். பெரியவர்கள் பேய்ப்படம் எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் சரியாகப் பயமுறுத்துகிற படங்கள் தட்டிலேயே கிடக்கும். பாதி பயமும் பாதி சிரிப்புமாக, ஒரே கசெற்றில் மூன்று நாலு குட்டிக் கதைகள் உள்ள படங்களுக்குத்தான் அடிபிடி. எது பிள்ளைகளை அழவைக்காது என்று தாய்மார் என்னிடம்தான் கேட்பார்கள். அதனால் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறேன்.

இதில் ஒரு சலூன் வருகிறது. தலைமயிர் வெட்ட வருகிற மூன்று பேரும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சலூன்காரனும் விடாமல் கதைக்கிற ஆள். கண்ணாடியில் பார்த்தால் கதிரையில் ஒருவரும் இல்லை. இரத்தம் குடிக்கிற ஒருவனுக்குப் பல்வலி வருவது ஒரு கதை. செத்தவர்கள் பாட்டுக்குழு வைத்து ஊரைத் துரத்துவது இன்னொன்று. மூன்றாவது, தெருவுக்குப் புது இலக்கம் போட்டதால் தன் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் வேறு ஆட்களின் வீட்டுக்குப் போய்வருகிற பேயின் கதை. அது அந்த வீட்டில் ஒழுகுகிற குழாயெல்லாம் திருத்திக் கொடுக்கும். நான் வயிறு நோகச் சிரித்தேன்.

அங்கேயுள்ள வீடியோ டெக்கிலும் இது ஓடும், விசாரித்துவிட்டேன். நான் கண்டபோது பிள்ளைக்கு இரண்டு வயது. இப்போது ஒன்பது. சித்தப்பா அனுப்பியது என்று சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்,
பெனடிக்ற்


பலேர்மோ
23.10.1996

பெனடிக்ற் அவர்களுக்கு,

பார்சல் கிடைத்தது.

பூசையைப் பற்றி எழுதப்போவதில்லை என்று முதற் பந்தியிலேயே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே நான் எழுதுகிறேன். உங்கள் அண்ணாவை ஆறு வருடத்துக்கு முன் மன்னாரில் எங்கள் வாசலில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றார்கள். அவர் செத்துவிட்டார் என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. உடம்பைக் காட்டவில்லை. நீங்கள் லண்டனில் இருந்துகொண்டு, மரித்த யோசேப்பின் ஆன்மா இளைப்பாற என்று கோயிலில் வாசிக்கச் செய்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு ஆட்கள் சொல்லித்தான் நான் என் புருஷனின் சாவை அறிந்தேன்.

இந்த ஊரில் என்ன வழக்கம் என்று உங்களுக்குத் தெரியாது. நவம்பர் இரண்டாம் திகதி, இறந்தவர்களின் நாள். வீட்டில் செத்துப்போனவர்கள் முதல்நாள் இரவு வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்கள் என்று இங்கே சொல்வார்கள். சீனியில் செய்து நிறம் பூசிய பொம்மை, விளையாட்டுச் சாமான், எல்லாம். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தாத்தா கொண்டுவந்தது, மாமி கொண்டுவந்தது என்று சொல்லும். ஜெனுஷா மட்டும் தனக்கு ஒருவரும் சாகவில்லை என்று சொல்வாள். மற்றப் பிள்ளைகள் அவளைப் பாவம் என்று பார்க்கிறார்கள். அவள் அதைப் பெருமையாகத்தான் சொல்கிறாள்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு நீங்கள் பேய்ப்படம் அனுப்பியிருக்கிறீர்கள். கசெற்றை அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அவளுக்குக் காட்டவில்லை.

நீங்கள் நன்றாக மெலிந்துபோனதாக இங்கே ஒருவர் சொன்னார். அங்கே குளிர் கூட. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

செலஸ்ரீனா


லண்டன்
30 ஒக்ரோபர் 1996

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் ஏசியிருந்தாலும் எழுதினீர்களே, அது எனக்குப் போதும். கடிதத்தைக் கடைக்குக் கொண்டுபோய் வைத்துத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

இறந்தவர்கள் பரிசு கொண்டுவருகிற ஊர் என்று எனக்கு உண்மையில் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு படம் அனுப்பியிருப்பேன். கசெற் மேல்தட்டிலேயே இருக்கட்டும். அவள் வளர்ந்த பிறகு பார்க்கலாம்.

நாளைக்கு ஹலோவீன். கடையில் கால் வைக்க இடமில்லை. நேற்று ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அந்தப் பெண்ணின் புருஷன் போன மாதம்தான் இறந்தாராம். துக்க வீட்டில் பார்க்கிறதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பாள் என நினைத்தேன். அவள் நேராகப் பேய்ச் சிரிப்புப் படத்தட்டுக்குப் போய் இரண்டை எடுத்தாள். மகள்தான் கேட்டதாம். ஒவ்வொரு வருடமும் தகப்பனோடு இருந்து பார்ப்பதாம். இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் பார்க்கவே பயமாயிருக்கும் என்று அந்தப் பிள்ளை சொல்லிற்று.

உங்கள் ஏச்சுக்குப் பதிலாக இதை எழுதவில்லை, அண்ணி. மனதில் நின்றது, சொல்ல வேறு ஆள் இல்லை.

பெனடிக்ற்


பலேர்மோ
6.11.1996

பெனடிக்ற்,

உங்கள் மேல் கோபப்படுவதா, சின்யோரா மேல் கோபப்படுவதா, என் மேலா என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் கால்சாப் பகுதியில் சின்யோராவின் வீட்டிலேயே, சமையலறைக்குப் பின்னால் உள்ள இரண்டு அறையில் இருக்கிறோம். பள்ளிக்கூடம் விட்டதும் ஜெனுஷா கபோப் பக்கம் இருக்கும் தமிழ்ப் பெண் றம்யாவின் வீட்டில் நின்றுவிடுவாள். வேலை முடிந்து நான் போய்க் கூட்டிவருவேன். போன வியாழன் போனபோது, படியில் ஏறும்போதே ஒரு பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்கி வாங்கிச் சிரித்தது. றம்யா வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கதவைத் திறந்தால் அது என் பிள்ளை. அவள் அப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது, பெனடிக்ற்.

மேல்தட்டில் இருந்த கசெற்றைக் கதிரை வைத்து ஏறி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். றம்யாவுக்கு இங்கிலிஷ் தெரியும். பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வரும் வழி முழுக்க, வீடு மாறி வந்த பேயின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை இரண்டாம் திகதி. காலையில் எழும்பிப் பார்த்தால் அவளுடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் ஒரு சீனிப் பொம்மையும் சின்னத் தேநீர்க் கோப்பைப் பெட்டியும். சின்யோரா வாசலில் சிரித்துக்கொண்டு நின்றா. ஒவ்வொரு வருடமும் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் வருவதில்லையே என்று மனம் பொறுக்காமல் வைத்திருக்கிறா. யார் கொண்டுவந்தது என்று ஜெனுஷா கேட்டாள். உன் அப்பா கொண்டுவந்தார் என்று அந்த மனுஷி சொன்னா. நல்ல மனதோடுதான் சொன்னா.

பிள்ளை அழவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். நான் சின்யோராவோடு கதைத்துவிட்டு, கோயிலுக்கு வெளிக்கிட என்று வந்து பார்த்தபோது அவளைக் காணவில்லை.

தெருவெல்லாம் ஓடினேன். றம்யா வந்தாள். சின்யோரா அந்த வயதில் வீட்டுச் செருப்போடேயே இறங்கித் தேடினா. கடைசியில் துறைமுகத்தில் கண்டோம். நாப்போலிக்குப் போகிற கப்பலைக் கட்டிவைக்கிற இடத்தில், கயிறு சுற்றுகிற இரும்புக் குற்றியில் இருந்தாள். அங்கே வேலை செய்கிற ஒருவர் தண்ணீர் வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் நின்றார். பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும், செத்த ஆட்களின் கப்பல் எது என்று அவரிடம் கேட்டிருக்கிறாள்.

என்னைக் கண்டதும் சொன்னாள், "அம்மா, இது வீடு மாறி வந்திட்டுது. வேற ஆரோ ஒரு பிள்ளையின்ரை அப்பா கொண்டுவந்தது. அந்தப் பிள்ளை பாத்துக்கொண்டிருக்கும்."

நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, அப்பா செத்திருந்தா எனக்குச் சொல்லுவீங்கள்தானே?"

அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். இன்றுவரை அதற்குப் பதில் சொல்லவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். பூசை வைத்தீர்களே, உங்களுக்கு ஏதாவது தெரிந்துதான் வைத்தீர்களா? யாராவது கண்டார்களா? என்னிடம் ஒளிக்காமல் எழுதுங்கள்.

செலஸ்ரீனா


லண்டன்
15 நவம்பர் 1996

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்கு ஒன்றும் தெரியாது. ஒருவரும் காணவில்லை, ஒருவரும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான் எனக்கும்.

பிறகு ஏன் வைத்தாய் என்று கேட்பீர்கள். நான் அப்போது ஒரு சின்ன அறையில் நாலு பேரோடு இருந்தேன். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஊரில் யாரோ செத்திருந்தார்கள். செய்தி வந்த அன்று மற்றவர்கள் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருப்பார்கள், தேநீர் போட்டுக் கொடுப்பார்கள், தோளில் கை வைப்பார்கள். என் அண்ணாவுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. நாலு வருடமாக ஒவ்வொரு நாளும் அந்த நாளாக இருந்தது, ஆனால் ஒருவரும் பக்கத்தில் வந்து இருக்கவில்லை. யாரும் வரக்கூடிய ஒரு நாள் எனக்கு வேண்டியிருந்தது. அந்தப் பூசைக்கு இருபது பேர் வந்தார்கள். எனக்குக் கை தந்தார்கள். அன்றைக்குத்தான் நான் அழுதேன். அதற்குப் பிறகுதான் என்னால் நித்திரை கொள்ள முடிந்தது.

அண்ணா செத்துவிட்டார் என்று நான் நம்புகிறேனா? அநேகமான நாட்களில் ஓம். சில நாட்களில் கடைக் கதவு திறக்கும்போது நிமிர்ந்து பார்ப்பேன்.

உங்களிடம் கேட்டிருந்தால் நீங்கள் வேண்டாம் என்றிருப்பீர்கள். நான் வைத்தே இருப்பேன். ஆனால் நீங்கள் அதை வேறு வாயால் கேட்க நேர்ந்திருக்காது. அது உங்களுக்கு எவ்வளவு நொந்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது.

பிள்ளை துறைமுகத்தில் தனியாக இருந்ததை நினைத்தால் இருப்புக்கொள்ளவில்லை. எனக்கு இன்னும் பிரயாணப் பத்திரம் வரவில்லை. வந்ததும் பலேர்மோவுக்கு வரட்டுமா? நீங்கள் வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

பெனடிக்ற்


பலேர்மோ
19.1.1997

அன்புள்ள தம்பி பெனடிக்ற்,

உம்முடைய கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். இருபது பேர் கை தந்தார்கள் என்று எழுதியிருந்தீர். எனக்கு ஒருவரும் கை தரவில்லை. நான் தர விடவில்லை. யாராவது ஆறுதல் சொல்ல வந்தால், அவர் வருவார் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். இதை யோசிக்க எனக்கு இவ்வளவு நாள் பிடித்தது.

போன ஞாயிறு ஜெனுஷா என்னை றம்யா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தான் நாலு தரம் பார்த்துவிட்டதாகவும், நான் ஒரு தரமாவது பார்க்க வேண்டுமென்றும் சொன்னாள். சும்மா இருந்து பார்த்தேன். பல்வலிக்காரன் பல் வைத்தியரிடம் போய், அந்த ஆளின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு குற்றம் செய்தது போல இருந்தது. ஜெனுஷா படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்திரம் கிடைத்தால் வாரும். அவள் திரும்பவும் கேட்பாள். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உமக்குத் தெரிந்தால் நீர் சொல்லும்.

அன்புடன்,
அண்ணி


லண்டன்
9 நவம்பர் 1997

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டித் தந்த மீன் பொரியலுக்காக விமானத்தில் பக்கத்து ஆள் மூக்கைச் சுளித்தார். நான் கவலைப்படாமல் சாப்பிட்டேன்.

ஹலோவீன் அன்று றம்யா வீட்டில் நான் கொண்டுவந்த புதுக் கசெற்றைப் போட்டதும், அத்தனை தமிழ்ப் பிள்ளைகளும் கட்டிலிலும் தரையிலுமாக நெருக்கிக்கொண்டு, இத்தாலியனிலும் தமிழிலும் கத்திக்கொண்டு பார்த்ததும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன. ஆனால் இந்தக் கடிதம் அதற்கல்ல. உங்களிடம் சொல்லாமல் வந்த ஒன்று இருக்கிறது.

முதலாம் திகதி பின்நேரம் நீங்கள் சமைத்துக்கொண்டிருக்க, நான் ஜெனுஷாவைக் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன் அல்லவா? மதிலில் இருந்துகொண்டு கேட்டாள்.

"சித்தப்பா, நீங்கள் அப்பாவுக்குப் பூசை வைச்சனீங்களாம். அப்ப அவர் செத்தது உங்களுக்குத் தெரியுமோ?"

நான் ஒரு வருடமாக ஆயத்தப்படுத்திக்கொண்டு வந்திருந்தேன், அண்ணி. ஓம் என்று சொல்லிவிடுவது என்றே வந்தேன். ஒரு பிள்ளைக்கு எத்தனை காலம்தான் இப்படி ஒரு பாரம் என்று நினைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சொல் வரவில்லை. "தெரியாது பிள்ளை. எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது," என்றேன்.

பிறகு ஏன் பூசை வைத்தீர்கள் என்று கேட்டாள். எனக்கு அழவேண்டும் போல இருந்தது, அதனால் வைத்தேன் என்றேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கும் அழவேணும் போலதான் இருக்கு. நான் அழுதா, அப்பா செத்திட்டார் எண்டு அம்மா நினைச்சிடுவா. அதுதான் அழுறேல்லை."

இங்கே அழலாம், அம்மா காணமாட்டா என்று சொன்னேன். என்னுடைய கோட்டுக்குள் முகத்தை வைத்து அழுதாள். நானும்தான். வீட்டுக்கு வந்தபோது எங்கள் கண்ணைப் பார்த்துவிட்டு, கடற்காற்றா என்று கேட்டீர்கள். ஓம் என்று இருவரும் பொய் சொன்னோம்.

இதை உங்களிடம் சொல்லலாமா என்று அவளைக் கேட்டேன். எழுதுங்கள், நேரே சொல்லவேண்டாம் என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அன்புடன்,
பெனடிக்ற்


பலேர்மோ
20.11.1997

அன்புள்ள தம்பி,

உம்முடைய கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே வாசித்தேன். சின்யோரா வந்து பார்த்துவிட்டு, அடுப்பை நிறுத்திவிட்டுப் போனா. அன்று மதியம் கடைப் பாண்தான் சாப்பாடு.

பின்நேரம் ஜெனுஷாவைப் பக்கத்தில் இருத்தினேன். சித்தப்பா எழுதியிருக்கிறார் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பேசி முடிக்கும் வரைக்கும் நிமிரக்கூடாது என்று வைத்துக்கொண்டாள் போல. அவளுக்குச் சொன்னேன், "அப்பா எங்கையாவது இருக்கலாம். செத்தும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. நீ அழுதா அதாலை அவருக்கு ஒண்டும் வராது."

செத்தும் இருக்கலாம் என்ற சொல்லை நான் வாழ்க்கையில் முதல் தரம் சொன்னேன், பெனடிக்ற். ஏழு வருடமாக அது வாய்க்குள் வந்தால் விழுங்கிவிடுவேன். சொன்ன பிறகு இரண்டு பேரும் அழுதோம். மறைக்காமல் அழுதோம். றம்யா வந்தவள் எங்களைக் கண்டு பயந்துபோய், என்ன ஏது என்று கேட்காமல் தேநீர் போட்டாள். என் தோளில் கை வைத்தாள். நான் தட்டிவிடவில்லை.

பிறகு ஜெனுஷா தகப்பனைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். அப்பா நல்லவர், கெட்டிக்காரர், பயமே இல்லாதவர் என்று வழக்கம் போலத் தொடங்கினேன். அது தெரியும், வேறு சொல்லுங்கோ என்றாள். யோசித்துப் பார்த்தேன். நான் இவ்வளவு காலமும் அவளுக்குக் காட்டியது கோயிலில் நிற்கிற சுரூபம் மாதிரி ஒரு ஆளை. நான் கட்டினது அந்த ஆளை இல்லையே.

ஆகவே இதைச் சொன்னேன். உமக்கும் தெரியாது. அவர் ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டவர். கலியாணம் முடித்த கிழமை எங்கள் வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்துப் பேய்ப்படம் போட்டார்கள். புது மாப்பிள்ளை என்று அவரை முன்னுக்கு, என் அப்பாவுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். எழும்பி ஓடவும் முடியாது. கிணற்றுக்குள்ளிருந்து பேய் வெளியே வந்ததும் அவர் என் அப்பாவின் கையை எட்டிப் பிடித்தார். படம் முடியும்வரை விடவில்லை. அப்பாவுக்குக் கண் கலங்கிப்போயிற்று. இப்படி ஒரு பாசமான மருமகன் யாருக்குக் கிடைக்கும் என்று, கனகாலம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றைக்கு ஆட்கள் போன பிறகு இவர் என்னிடம் வந்து சொன்னார், "உங்கடை அப்பா நல்ல மனிசன். ஆனா இனி டெக் எடுக்கவேண்டாம் எண்டு சொல்லும்."

ஜெனுஷா, அப்பா பயந்தவரா என்று கேட்டாள். பேய் என்றால் சரியான பயம் என்றேன். அழுத முகத்தோடு விழுந்து விழுந்து சிரித்தாள். திரும்பச் சொல்லச் சொன்னாள். திரும்பவும் சொன்னேன். சொல்லும்போதுதான் கவனித்தேன், அவர் இருந்தவர், அவர் சொன்னவர் என்றே, இல்லாமல் போன ஆளைப் பற்றிச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போகிறேன். முந்தி என்றால் நிறுத்தித் திருத்தியிருப்பேன். அன்றைக்கு அப்படியே சொல்லி முடித்தேன். கடைசியில் நானும் சிரித்துவிட்டேன். என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்த அவருடைய முகம் எனக்கு அப்படியே தெரிந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவருடைய முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, தம்பி.

நீர் அவரோடு பிறந்து வளர்ந்தவர். உம்மிடம் இன்னும் நிறைய இருக்கும். அவர் கெட்டிக்காரனாக இருந்ததை எழுதவேண்டாம். அவர் விழுந்தது, பயந்தது, பொய் சொல்லிப் பிடிபட்டது, இதுகளை எழுதும். அவள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணி